உதிரமும் கொடையும்: ஒரு சொல்வழி வரலாறு

குருதி, உதிரம், செந்நீர், நெய்த்தோர், இரத்தம் எனத் தமிழில் ஒரு பொருளுக்குப் பல சொற்கள் வழங்கிவந்துள்ளன. அவை எவ்வினைகளோடு சேர்கின்றன என்று நோக்குவோம். இரத்தம் சிந்தும், வடியும், சுண்டும், பிறரால் உறிஞ்சப்படும். யாவும் இழப்பைக் குறிப்பனவே. உதிரத்தைப் பாலாக்கி ஊட்டியவள் என்று தாயைப் போற்றும் வழக்கு மட்டுமே அதனைக் கொடையாகக் காண்கிறது. அதுவும் தன் மகவுக்கு அளிக்கும் கொடை.

இவ்வழக்குகளுக்குப் பின்னே இரு நம்பிக்கைகள் நிற்கின்றன. முதலாவது, குருதியே வலிமை என்பது. சித்த மருத்துவம் உடற்கட்டுகளை ஏழாக வகுக்கும்: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம். ஒன்றிலிருந்து மற்றொன்று விளைகிறது என்பது அக்கொள்கை. ஆகவே, செந்நீர் குறையின் அதன்பின் வரும் அனைத்தும் குன்றும் என்று மக்கள் அஞ்சினர். "உள்ளதே போதவில்லை, அதையும் கொடுப்பதா?" என்று மூத்தோர் வினவ நாமே கேட்டிருக்கிறோம். சீனர் மரபிலும் உடல் பெற்றோர் தந்தது, அதற்கு ஊறு செய்தல் ஆகாது என்னும் கருத்து ஆழ வேரூன்றியிருந்தது.

இரண்டாவது, குருதியே குலம் என்பது. போரில் உயிர் நீத்தவரின் குடும்பத்தார்க்கு அளிக்கப்பட்ட நிலம் 'உதிரப்பட்டி' எனப்பட்டது. ஒருவர் சிந்திய உதிரத்தின் பயன் அவர் வழியினரையே சேர்ந்தது. இன்றும் 'இரத்த உறவு' என்கிறோம். தன் மகனுக்கென்றால் உடனே கை நீட்டும் தந்தை, முன்பின் அறியாதவர்க்கெனில் தயங்குவதன் காரணம் இதுவே.

1901-இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் வெளியிட்ட குருதி வகைப்பாடு இவ்விரண்டாம் நம்பிக்கையை அசைத்தது. உடன்பிறந்தாரின் குருதி பொருந்தாமற்போகலாம். வேற்றினத்தார் குருதி பொருந்தலாம். 1946-இல் சிங்கப்பூரில் இரத்தம் ஏற்றும் சேவை நிறுவப்பெற்றபின், பல இனத்தார் வாழும் இம்மண்ணில் இவ்வுண்மை அன்றாட நடைமுறையாயிற்று. முதல் நம்பிக்கைக்கும் மருத்துவம் விடை தந்தது. செங்குருதி அணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள்களே. நாம் கொடுப்பினும் கொடாவிடினும் அது அழிந்து புதிதாகிக்கொண்டே இருக்கிறது.

எனினும், அறிவியல் விளக்கம் மட்டுமே அச்சத்தைப் போக்கிவிடாது. மரபை மரபு கொண்டே வெல்ல வேண்டும். 'இரத்த தானம்' என்ற தொடர் அப்பணியைத் தொடங்கியது. அன்னதானத்தின் அருகே இரத்தத்தையும் அமர்த்தி, இழப்பை அறமாக்கியது. ஆனால், 'பாத்திரமறிந்து பிச்சையிடு' என்னும் பழமொழி தானத்தையும் விடாது தொடர்கிறது. பெறுவோர் யாரென அறியாமல் கொடுப்பது எங்ஙனம்?

இதற்கு விடை நம் பழந்தமிழ் மரபிலேயே உண்டு. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும் நினைவுகூர்க. பெறுவோரின் தகுதியை ஆராயாத அவ்வள்ளன்மையைக் 'கொடைமடம்' என்றனர் முன்னோர். மடம் என்று கூறினும் அதனை இகழ்ந்தாரல்லர், புகழ்ந்தனர். 'குருதிக்கொடை' என்னும் சொல்லில் உள்ள கொடை அத்தகையதே.

இது சொல்லாராய்ச்சியோடு முடியும் செய்தியன்று. ரீசஸ் எதிர்மறைக் குருதி சீன, மலாய் மக்களிடையே மிக அரிது. இந்திய மரபினரிடையே சற்று மிகுதி. பிரித்தெடுத்த செங்குருதி அணுக்களையோ குளிரூட்டி ஏறத்தாழ ஆறு வாரமே காக்க இயலும். நம்மவர் தயங்கினால் அந்த இடத்தை நிரப்பப் பிறர் மிகச் சிலரே. எம்மொழி பேசும் எவர் உடலில் நம் குருதி ஓடும் என்பதை நாம் அறியப்போவதில்லை. பாரியும் தேரைத் தந்தபோது முல்லையின் குலத்தை வினவினானல்லன்.