பழவேற்காட்டில் ஒரு மலை மிதிவண்டி

பழவேற்காட்டில் மலை கிடையாது. ஒருபுறம் ஏரி, மறுபுறம் கடல், இடையில் மணல். அவ்வூரில், மலைப்பாதைக்கென உருவான மிதிவண்டி ஒன்றைச் செப்பனிட நேர்ந்தபோது அதன் பிறப்பு வரலாற்றையும் தேடிப் படித்தோம்.

1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள மரின் பகுதி இளைஞர்கள் சிலர், 1930, 1940-களில் செய்யப்பட்ட ஷ்வின் நிறுவனத்தின் கனத்த வண்டிகளைப் பழுதுபார்த்து, மலைச்சரிவுகளில் ஓட்டத் தொடங்கினர். 1976 அக்டோபர் 21 அன்று அங்கே முதல் 'ரீபேக்' பந்தயம் நடந்தது. பெயர்க்காரணம் சுவையானது. இறக்கத்தில் பின்சக்கரத்து பிரேக் சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்தே தீர்ந்துவிடுமாம். ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டும். 1977-ல் ஜோ பிரீஸ் மலைக்கென்றே தனிச்சட்டம் செய்தார். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் 'ஸ்டம்ப்ஜம்ப்பர்' கடைகளுக்கு வந்தது. ஆக, மலை மிதிவண்டி என்பதே பழைய வண்டிகளைச் செப்பனிட்டவர்கள் கண்ட பொருள்தான்.

நம் கைக்கு வந்தது மறைந்த தமையனார் 1990-களில் வாங்கிய ஹெர்குலிஸ் எம்.டி.பி. ஹெர்குலிஸ் 1910-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த பெயர். முருகப்பா குழுமமும் ஆங்கிலேய டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் கைகோத்து 1949-ல் சென்னையில் தொடங்கிய நிறுவனத்தின் வழியாக அது தமிழகத்து வண்டியாயிற்று. தமையனாரின் மகள் கல்லூரி மாணவி. பேருந்து நிறுத்தம் வரை அப்பா வண்டியில்தான் போவேன் என்று நின்றாள். அண்ணியாரோ, அவர் விட்டுச்சென்றபடியே இருக்கட்டும், தொடாதீர்கள் என்றார்.

இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. டச்சுக்காரர் 1613-ல் எழுப்பிய கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. அவர்களது கல்லறைத் தோட்டமோ தொல்லியல் துறையின் காப்பில் நிற்கிறது. (அந்த டச்சு நாட்டில் இன்று மக்களைவிட மிதிவண்டிகள் அதிகம் என்பது வேறு கதை.) கல்லறையை இருந்தபடியே காக்கலாம், அதன்மேல் ஏறி யாரும் கல்லூரிக்குப் போவதில்லை. வண்டியின் நிலை அப்படியன்று.

முடிவு செய்தது உப்புக்காற்றுதான். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இரும்பு ஓயாமல் துருவேறும். சீட் கம்பி சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, மண்ணெண்ணெய் விட்டு நான்கு நாள் ஊறியபின்தான் அசைந்தது. வெளித்துருவைச் சுரண்டிவிடலாம், குழாய்க்குள் இருப்பதே ஆபத்து. வண்டியைத் தலைகீழாக்கித் தட்டியபோது பெடல் அச்சுப் பகுதியிலிருந்து செந்தூளாகக் கொட்டியது. சட்டம் தப்பியது. முன் ஃபோர்க்கின் தலைப்பகுதியில் ஆணியால் குத்தினால் உள்ளே இறங்கியது. அதை மாற்றாமல் பெண்ணை ஏற்றிவிடுவது நினைவைப் போற்றுதல் ஆகாது, அறிவின்மை.

ஃபோர்க், கேபிள்கள், டயர், செயின் புதியவை. சட்டத்துக்குப் புதுவண்ணம் அடிக்கவில்லை; துரு நீக்கிய இடங்களில் மட்டும் பிரைமரும் கரும்பூச்சும். பின் மட்கார்டில் தமையனார் தூரிகையால் எழுதிய தம் பெயர் பாதி உதிர்ந்திருந்தது. எழுத்தைத் திருத்தாமல் மேலே நிறமற்ற வார்னிஷ் பூசினோம். அண்ணியார் கேட்டது அது ஒன்றுதான்.

மணலில் ஓட்ட டயர்க் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்துள்ளோம். வாரம் ஒருமுறை நன்னீரால் துடைத்து, உலரவிட்டு, செயினுக்கு எண்ணெய் இட வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தோம். அவளுக்கு முன்பாக அண்ணியாரே அதைச் செய்துவிடுகிறார்.