பித்தப்பை அறுவையும் மரப்பு மருந்தும்

லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றிக்கொண்ட ஒருவரைக் காணச் சென்றால், "வயிற்றில் நாலு சிறு துளைதான், ஆனால் தோள்பட்டை வலிக்கிறதே!" என்று அவர் வியப்போடு கூறக்கூடும். வயிற்றில் செய்த அறுவைக்குத் தோள் ஏன் வலிக்க வேண்டும்? விடை காணுமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

1882ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஆல்பனி நகரில் ஒரு வீடு. நள்ளிரவு கடந்த நேரம். சமையலறை மேசைமீது கிடத்தப்பட்ட அம்மையாரின் பித்தப்பையைத் திறந்து, சீழையும் கற்களையும் வெளியேற்றினார் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற இளம் மருத்துவர். அந்த அம்மையார் அவருடைய தாயார்! நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். அதே ஆண்டு ஜூலை 15இல் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் பித்தப்பையையே முழுதாக அகற்றினார். கல்லை உண்டாக்கும் பையை விட்டுவைத்துக் கல்லை மட்டும் எடுப்பதில் பயனில்லை என்பது அவர் வாதம்.

ஈதரும் குளோரோஃபாமும் நோயாளியை உறங்கவைத்தன. உடலின் ஓரிடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மருந்து, அதாவது மரப்பு மருந்து, இன்னும் வரவில்லை. கோக்கா இலையிலிருந்து 1860இல் கொக்கெயினைப் பிரித்தெடுத்த ஆல்பர்ட் நீமன், அது நாக்கை மரக்கச் செய்வதைக் குறித்து வைத்திருந்தார். அக்குறிப்பு அறுவை மேசையை எட்ட 24 ஆண்டுகள் ஆயின. 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் கொக்கெயின் கரைசலைத் தவளையின் கண்ணிலும் பின்னர்த் தம் கண்ணிலும் இட்டு, குண்டூசித் தலையால் தொட்டுப் பார்த்தார். உணர்வே இல்லை! இதை ஹைடல்பர்க் மாநாட்டில் அறிவிக்க அவரிடம் பயணச் செலவுக்குப் பணமில்லை. வேறொரு மருத்துவர்தான் கட்டுரையைப் படித்தார்.

செய்தி நியூயார்க்கை எட்டியதும் ஹால்ஸ்டெட் ஆய்வில் இறங்கினார். நரம்புத் தண்டின் அருகே மருந்தைச் செலுத்தினால், அந்நரம்பு பரவும் பகுதி முழுவதும் மரத்துவிடும் என்று கண்டார். சோதனைக்குத் தம் உடலையும் தோழர்களின் உடலையுமே பயன்படுத்தினார். விளைவு கொடியது. கொக்கெயினுக்கு அடிமையான அவர் பின்னர் மார்ஃபினிலிருந்தும் மீளவில்லை. தாயாரை வாட்டிய பித்தக்கல் அவரையும் விடவில்லை. அதற்கான அறுவைக்குப் பின் 1922இல் காலமானார்.

அடிமைப்படுத்தாத மரப்பு மருந்துக்கு வேதியியலார் முயன்றனர். 1905இல் புரோக்கெயின், 1943இல் ஸ்வீடனில் லிடோக்கெயின், 1957இல் பல மணி நேரம் செயற்படும் பூபிவாக்கெயின் என ஒவ்வொன்றாக வந்தன. நரம்பில் வலிச்செய்தி மின்துடிப்பாகச் செல்கிறது. சோடியம் அயனிகள் நரம்பிழைக்குள் பாய்வதே அத்துடிப்பு. மருந்து அந்த நுழைவாயிலை அடைத்துவிடுவதால் துடிப்பு நகர்வதில்லை.

1985 செப்டம்பரில் ஜெர்மனியின் போப்லிங்கன் நகரில் எரிக் மூஹே பித்தப்பையை லேப்ராஸ்கோப்பி முறையில் அகற்றினார். மறு ஆண்டு அதை எடுத்துரைத்தபோது ஏளனமே கிடைத்தது. எனினும் சில ஆண்டுகளிலேயே முறை உலகெங்கும் பரவிவிட்டது.

இம்முறையில் வயிற்றுக்குள் இடம் உண்டாக்கக் கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள். அழுத்தம் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம் அளவே. வளிமண்டல அழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான்! ஆயினும் அது உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்தின் நரம்பு கழுத்துத் தண்டுவடத்திலிருந்து இறங்குகிறது; தோளின் உணர்வும் அதே பகுதியைத்தான் சேர்கிறது. மூளை இடம் தெரியாமல் ஏமாந்து, "தோள் வலி" என்கிறது.

ஆகவே துளைகளின் ஓரத்தில் பூபிவாக்கெயின் ஊசி போடுகிறார்கள். சிலர் கல்லீரலின் அடியிலும் உதரவிதானத்தின் மீதும் தெளிக்கிறார்கள். வலி குறைகிறது, அறவே நீங்குவதில்லை. தோள்வலிக்குத் துளையோர ஊசி எட்டாது. அளவு மிஞ்சினால் இதயத்துடிப்பே கெடும் என்பதால், நோயாளியின் எடையைக் கணக்கிட்டே தருகிறார்கள். சில மணி நேரத்தில் மரப்பு தெளிந்துவிடும். அதற்கு முன்பே பாரசிட்டமால் போன்ற வலிநீக்கிகளையும் தொடங்கிவிடுகிறார்கள்.