எழுதாத விதி

அறிவியலில் பெண்களின் வரலாறு என்றால் நமக்கு இரண்டு வகைக் கதைகள் பழகியிருக்கின்றன: படிக்கவே விடாமல் தடுக்கப்பட்ட பெண், தடைகளை மீறிச் சாதித்த ‘முதல் பெண்’. கரிம வேதியியலாளர் தர்ஷன் ரங்கநாதன் (1941–2001) இரண்டிலும் அடங்காதவர். அவர் படித்தார், ஆய்வகத்துக்குள் போனார், உலகம் மதிக்கும் இதழ்களில் எழுதினார். ஆனால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வு செய்த நிறுவனத்தின் ஆசிரியர் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

திருச்சி கே.கே. நகரில் இருக்கும் எனக்கு, டில்லியில் பிறந்த தர்ஷனிடம் போய்ச்சேர ஒரு காவிரிக்கரை வழி உண்டு. அவருடைய முனைவர் பட்ட நெறியாளர் டி.ஆர். சேஷாத்ரி 1900இல் குளித்தலையில் பிறந்து, ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் பள்ளியில் படித்தவர். சென்னை மாநிலக் கல்லூரி, மான்செஸ்டர், ஆந்திரப் பல்கலைக்கழகம், டில்லிப் பல்கலைக்கழகம் என்று அவர் பாதை படிப்படியாக ஏறியது. மாணவியின் பாதையும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. டில்லி மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் வேதியியல் கற்பித்தார். 1967இல் முனைவர் பட்டம். பிறகு லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டெரெக் பார்ட்டனிடம் ஆய்வு. பார்ட்டன் நோபல் பரிசு பெற்ற 1969ஆம் ஆண்டிலேயே தர்ஷன் இந்தியா திரும்பினார்.

1970இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் வேதியியல் ஆசிரியர் எஸ். ரங்கநாதனை மணந்து அங்கே போனார். கணவனும் மனைவியும் ஒரே நிறுவனத்தில் ஆசிரியராக இருக்கக்கூடாது என்பது வழக்கமாம். எழுத்தில் இல்லாத வழக்கம். ஆகவே 1993 வரை ஆய்வு உதவித்தொகைகளை நம்பியே வேலை செய்தார்.

அந்த நிலையிலும் அவர் எடுத்துக்கொண்ட கேள்விகள் சிறியவை அல்ல. உயிருள்ள செல்லில் நொதிகள் என்னும் வினையூக்கிகள் செய்துமுடிக்கும் வேலையை, வேதியியலாளர் குடுவையில் செய்து காட்ட முடியுமா? நம் கல்லீரல் நச்சான அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் சுழற்சியை ஆய்வகத்தில் வேதிவினைகளால் போலச்செய்தார். ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்திலுள்ள இமிடசோல் வளையம் தன்னைத்தானே மறுபடி உருவாக்கிக்கொள்ளும் வினைமுறையை வகுத்தார். 1993இல் திருவனந்தபுரம் மண்டல ஆய்வகத்துக்கும், 1998இல் ஹைதராபாத் இந்திய வேதித் தொழில்நுட்பக் கழகத்துக்கும் போனார். அமினோ அமிலங்களைக் கொண்டு அவர் கட்டிய வளைய மூலக்கூறுகள், வளையல்களை அடுக்கியதுபோல் தாமாகவே ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து நுண்குழாய்களாயின.

இத்தகைய மூலக்கூறுகளின் அமைப்பை எக்ஸ் கதிர்களால் கண்டறிய அவரோடு சேர்ந்து உழைத்தவர் அமெரிக்காவின் இசபெல்லா கார்ல். படிக அமைப்பைக் கண்டறியும் முறைக்காக இசபெல்லாவின் கணவர் ஜெரோம் கார்ல் 1985இல் நோபல் பரிசு பெற்றார். அம்முறையைச் செயல்படுத்திக் காட்டிய இசபெல்லாவுக்கு அதில் பங்கு தரப்படவில்லை. இந்த இரண்டு பெண்களின் பெயரும் ஒரே கட்டுரைகளின் தலைப்பின் கீழ் சேர்ந்து நிற்பதைத் தற்செயல் என்று கடந்துபோக என்னால் முடியவில்லை.

தர்ஷனுக்கு மூன்றாம் உலக அறிவியல் கழகத்தின் வேதியியல் பரிசு 1999இல் கிடைத்தது. 1997இல் கண்டறியப்பட்ட மார்பகப் புற்றுநோயோடு போராடி, 2001 ஜூன் 4 அன்று, தன் அறுபதாவது பிறந்தநாளில், இறந்தார். அவர் நினைவாகப் பெண் அறிவியலாளர்களுக்கென ஒரு சொற்பொழிவுத் தொடரைக் கணவர் நிறுவினார்.

கணவர் நல்லவர், மனைவியோடு சேர்ந்து பாடநூல்கள் எழுதியவர். ஆனால் வீட்டின் நல்ல குணம் நிறுவனத்தின் அநீதியை ஈடுகட்டாது. ‘இருவரில் ஒருவருக்குத்தான் வேலை’ என்ற வழக்கம் ஆண், பெண் என்று பார்ப்பதில்லை எனத் தோன்றும். விட்டுக்கொடுப்பவர் யார் என்பது மட்டும் பெரும்பாலும் முன்பே முடிவாகியிருக்கும்.

நான் இலக்கணம் கற்பிப்பவள். எழுதிய விதிக்கு உரை எழுதலாம், மறுப்பு எழுதலாம், புறனடையும் சேர்க்கலாம். எழுதாத விதியை எதைக் காட்டி மறுப்பது? தர்ஷனின் இருபது ஆண்டுகளுக்கு மேல்முறையீடு செய்ய ஓர் ஆணைகூட இல்லை. அதனால்தான் வேதியியல் முதுகலை படிக்கும் பெண்களிடம் ஒன்றைச் சொல்கிறேன்: ‘இங்கே இப்படித்தான் வழக்கம்’ என்று நாளை யாராவது சொன்னால், தலையாட்டுவதற்கு முன் அதை எழுத்தில் கேளுங்கள்.