கைத்தொலைபேசியும் ஏகபோகமும்

2007ஆம் ஆண்டு யூன் 29ஆந் திகதி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஐபோன், உண்மையில் உள்ளங்கையில் அடங்கிய ஒரு கணினியேயாகும். எனினும், விலைகொடுத்து அதனை வாங்கியவன் தானெழுதிய மென்பொருளொன்றை அதில் நிறுவுவதற்கு அப்பிள் நிறுவனம் இடமளிக்கவில்லை. வெளியார் ஆக்கும் செயலிகள் சஃபாரி என்னும் இணைய உலாவியினூடாக மட்டுமே இயங்கலாம் என்று நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் அம்மாதத்திலேயே அறிவித்திருந்தார்.

இத்தடைக்குக் கூறப்பட்ட நியாயம் யாது? யாரோ எழுதிய செயலியொன்றினால் தொலைபேசி வலையமைப்பே நிலைகுலைந்துவிடக்கூடும் என்பதாம். இவ்வாதம் புதியதன்று. ஏ.டி. அன்ட் டி. கொம்பனி தன் ஏகபோக காலத்தில், தொலைபேசியின் வாய்ப்பகுதியிற் பொருத்தும் 'ஹஷ்-ஏ-போன்' என்ற வெறுங் கிண்ணத்தைக்கூடக் கேடு விளைப்பதென்று எதிர்த்தது. 1956இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வெதிர்ப்பை ஏற்கவில்லை. 1968இல் 'காட்டர்போன்' வழக்கிலே, வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத பிறர் கருவிகளைத் தடுத்தலாகாது எனக் கூட்டரசின் தகவற்றொடர்பு ஆணைக்குழு தீர்த்தது. அதனால் வலையமைப்பு வீழ்ந்துவிட்டதா? இல்லை. விடையிறுக்குங் கருவியும் மோடமும் வீடுகளிற் புகுந்தன. ஐபோனுக்கு அமெரிக்காவில் முதலில் இணைப்பு வழங்கிய நிறுவனமும் ஏ.டி. அன்ட் டி. என்ற பெயரையே தாங்கியிருந்தமை கவனிக்கத்தக்கது.

விற்பனை தொடங்கிய சில வாரங்களுள் ஆர்வலர்கள் பூட்டை உடைத்துத் தமது செயலிகளை நிறுவலாயினர். கூலி எதிர்பாராத உழைப்பு அது. செப்டெம்பர் இறுதியில் நிறுவனம் விடுத்த 1.1.1 என்னும் புதுப்பிப்பு அச்செயலிகளை அகற்றியது. வேறு வலையமைப்புக்கெனத் திறக்கப்பட்ட தொலைபேசிகள் பல செயலிழந்தன. ஆயினும் ஒக்டோபர் 17இல் ஜொப்ஸ் இறங்கிவந்து, மென்பொருள் ஆக்கும் கருவித்தொகுதியை வழங்குவதாக வாக்களித்தார். 2008 யூலை 10இல் ஏறத்தாழ 500 செயலிகளுடன் 'அப் ஸ்டோர்' திறந்தது.

ஆனால் அன்று விற்பனை விலையில் 30 சதவீதம் நிறுவனத்துக்குச் சென்றது. ஒவ்வொரு செயலிக்கும் அதன் அனுமதி வேண்டும். தீய மென்பொருள் பற்றிய அச்சம் பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். எனினும் அனுமதி அதிகாரம் அவ்வச்சத்தின் எல்லைக்குள் நிற்கவில்லை. பிரமுகர்களை நையாண்டி செய்கிறது என்ற காரணங் காட்டி, கேலிச்சித்திரக்காரர் மார்க் பியோரேயின் செயலி 2009 டிசெம்பரில் மறுக்கப்பட்டது. 2010 ஏப்பிரலில் அவர் புலிட்சர் பரிசு பெற்றார்; அதன் பின்னரே அது ஏற்கப்பட்டது. பரிசு பெறாத சித்திரக்காரன் யாரிடம் முறையிடுவான் என்று நாம் கேட்கிறோம்.

ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டத்தினால், 2024 மார்ச்சில் அந்நாடுகளிற் பிறருடைய செயலி அங்காடிகளுக்கு வழி பிறந்தது. அங்கும், அவ்வங்காடிகளில் விற்கப்படும் செயலிகளை அப்பிள் முதலில் பரிசோதிக்கும் என்றே விதி செய்யப்பட்டது.