அங்கொடை என்ற சொல்லும் நம்மூர் ராத்தாமாரும்



போன கிழமை வகுப்பில் ஒரு மாணவன் மற்றவனைப் பார்த்து, "இவன அங்கொடைக்குத்தான் அனுப்போணும் சேர்" என்றான். வகுப்பே சிரித்தது. கோபிக்க நமக்குத் தகுதி இருக்கவில்லை. சின்ன வயதில் நாமும் அப்படிச் சிரித்தவர்கள்தான்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலேயர் 1847இல் பொரளையில் மனநோயாளருக்கான காப்பகம் ஒன்றைத் திறந்தார்கள். 1873இல் அதற்கெனச் சட்டம் வந்தது. 1920களின் பிற்பகுதியில் அங்கொடை பெரியாஸ்பத்திரி எழுந்தது. அப்போது நோயைக் குணப்படுத்த நல்ல மருந்து இல்லை. 1952இல் பிரான்சில் குளோர்புரோமசின் பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. அதற்கு முன் உள்ளே போனவர்களில் பலர் திரும்பவில்லை. அந்தப் பயத்தில்தான் நம் குடும்பங்கள் நோயாளியை வீட்டின் பின்னறையில் மறைத்தன.

ஆனால் நம் முன்னோர் இதை வேறு விதமாகவும் செய்திருக்கிறார்கள். டமஸ்கஸில் 1154இல் நூருத்தீன் கட்டிய மாரிஸ்தான், அலெப்போவில் 1354இல் எழுந்த அர்கூன் மாரிஸ்தான், எதிர்னேயில் 1488இல் சுல்தான் இரண்டாம் பாயஸீத் கட்டிய வைத்தியசாலை ஆகிய மூன்றிலும் மனநோயாளருக்குச் சிகிச்சை நடந்தது. அலெப்போவில் அவர்களுக்கெனத் தனி முற்றங்களும் நீர்த் தடாகங்களும் இருந்தன. எதிர்னேயில் அவர்களுக்காக இசை வாசித்ததை எவ்லியா செலெபி எழுதி வைத்திருக்கிறார்.

எல்லாமே பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. சங்கிலியும் இருந்தது. கெய்ரோவின் மன்சூரி மாரிஸ்தான் சீரழிந்த பிற்காலத்தில், நோயாளிகள் கட்டிக் கிடந்ததைப் பயணிகள் கண்டு எழுதினார்கள்.

நமக்குப் பாடம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வைத்தியசாலைகள் வக்ஃபில் நடந்தன. கடைவாடகையும் தோட்ட வருமானமும் நோயாளியின் சோற்றுக்கும் மருந்துக்கும் போயின. சுமை ஒரு வீட்டின் தலையில் மட்டும் விழவில்லை. பெல்ஜியத்தின் கேல் என்ற ஊரிலும் பல நூற்றாண்டுகளாகச் சாதாரணக் குடும்பங்கள் மனநோயாளரைத் தம் வீட்டில் வைத்துப் பார்க்கின்றன. அங்கே பக்கத்து வீட்டார் கதவைச் சாத்திக்கொள்வதில்லை.

நம் தெருவில் ஒரு ராத்தா இருந்தார். நோயுற்ற தம்பியை நாற்பது வருடம் பார்த்தார். வந்த சம்பந்தங்களைத் தட்டிவிட்டார். தம்பிக்கு ஊட்டினார், குளிப்பாட்டினார். மாதாமாதம் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் பஸ்ஸில் சனத்தின் பார்வையைத் தாங்கினார். "ஜின் பிடிச்சிருக்கு" என்று நாம் சொன்னோம். ஜன்னலுக்குக் கல்லும் எறிந்தோம். ஒரு நாளாவது "ராத்தா, நீங்க கொஞ்சம் தூங்குங்க, நாங்க பார்க்கிறோம்" என்று நாம் சொல்லவில்லை. அவர் மௌத்தானபோது ஜனாஸாவுக்கு ஊரே வந்தது. அடுத்த நாள் தம்பிக்குச் சோறு கொடுக்க யாரும் இல்லை.

இன்று மருந்து இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகவே. அங்கொடை 2008 முதல் தேசிய மனநல நிறுவகம். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் ஆலோசனை கிடைக்கும். ஓதிப் பார்ப்போம், துஆச் செய்வோம். மருந்தையும் நிறுத்தாமல் கொடுப்போம்.

பள்ளிவாசல் நிதியில் மினாராவுக்கு வர்ணம் பூசும் நம்மால், நோயாளி உள்ள வீட்டுக்குக் கிளினிக் நாளில் ஓர் ஆட்டோ பிடித்துக் கொடுக்கவும் முடியும். உங்கள் தெருவிலும் அப்படியொரு ராத்தா இருப்பார். இன்று அஸருக்குப் பிறகு ஒருமுறை அந்த வாசலுக்குப் போய்ப் பாருங்கள்.