யாருடைய தூக்கம்? சர்ப்பகந்தி வேரை முன்வைத்துச் சில குறிப்புகள்

மூலிகை மருந்து பற்றிய நம் பேச்சு இரண்டு ஓரங்களில் நின்றுகொண்டிருக்கிறது. ஒன்று, ‘இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது’ என்பது. மற்றது, ‘நிரூபிக்கப்படாதது, வெறும் பாட்டி வைத்தியம்’ என்பது. மூலிகைக்கு ஒரு சமூக வரலாறு உண்டு என்பதை இரண்டுமே மறைத்துவிடுகின்றன. தூக்கத்துக்கும் மனப்பதற்றத்துக்கும் தரப்படும் மருந்துகளில் இந்த மறைப்பு இன்னும் கூடுதல். ஏனென்றால் இங்கே மருந்தைத் தின்பவரும் அதன் பலனை அனுபவிப்பவரும் எப்போதும் ஒரே ஆளாக இருப்பதில்லை.

சர்ப்பகந்தி வேர் பீகாரில் ‘பாகல் கீ தவா’, அதாவது பைத்தியத்துக்கான மருந்து என்ற பெயரில் வழங்கியது. வெறிகொண்டவர்களைத் தணிக்கவும் தூக்கம் வராதவர்களைத் தூங்கவைக்கவும் கொடுத்தார்கள். அங்குள்ள ஏழைகள் குழந்தைகளைத் தூங்கவைக்க இதைப் பயன்படுத்தினார்கள் என்றொரு குறிப்பு 1930களின் மருந்தியல் எழுத்துகளில் வருகிறது. போகிறபோக்கில் சொன்ன குறிப்புதான். ஆனால் நாம் அங்கே கொஞ்சம் நின்று படிக்க வேண்டியிருக்கிறது. குழந்தையை மருந்து கொடுத்து ஏன் தூங்கவைக்க வேண்டும்? வேலைக்குப் போகிற தாய்க்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அப்படியானால் அந்தத் தூக்கம் யாருக்காக? மரபு மருத்துவத்தைப் பொற்காலமாக எழுதுகிறவர்கள் இந்தக் குழந்தையைத் தாண்டித்தான் போகிறார்கள்.

செடிக்குப் பெயர் வந்த கதையும் சுவாரஸ்யமானது. ராவுல்ஃபியா செர்பென்டினா என்பது அதன் தாவரவியல் பெயர். லியோன்ஹார்ட் ராவுல்ஃப் 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர். அலெப்போ, பாக்தாத், ஜெருசலேம் என்று சுற்றியவர். இந்தியப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிரெஞ்சுக்காரரான ப்ளூமியே 1703இல் அமெரிக்கக் கண்டத்துச் செடிகளை வகைப்படுத்தியபோது ஒரு பேரினத்துக்கு இவர் பெயரை வைத்தார். அது பிறகு இந்தச் செடியின் மேலும் வந்து உட்கார்ந்துகொண்டது. வேரைத் தோண்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

1931இல் இரண்டு காரியங்கள் நடந்தன. கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் மனநோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்குமான புதிய இந்திய மருந்து என்று இதைப் பற்றி எழுதினார்கள். எவ்வளவு காலமாகச் சந்தையில் கிடந்தது ‘புதிய’ மருந்தாகிவிட்டது! டெல்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திகியும் ரஃபத் ஹுசைன் சித்திகியும் வேரின் வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார்கள். 1949இல் பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் பிரிட்டிஷ் இதழொன்றில் எழுதிய பிறகே மேற்குலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் ரெசர்பின் பிரிக்கப்பட்டது. செர்பாசில் என்ற மாத்திரையாக வந்தது. 1954இல் நேதன் க்ளைன் நியூயார்க் மனநல மருத்துவமனையில் கண்ட பலன்களை வெளியிட்டார்.

பலன் பொய்யல்ல. கட்டிவைக்கவும் அடைத்துவைக்கவும் பட்ட பலர் அமைதியடைந்தார்கள், சிலர் வீடு திரும்பினார்கள். ஆனால் ரத்த அழுத்தத்துக்காக இதை நீண்ட காலம், கூடிய அளவில் உட்கொண்டவர்களிடம் கடுமையான மனச்சோர்வு தென்படுவதாக 1954இலேயே செய்தி வந்தது. செரட்டோனின், நோர்அட்ரினலின், டோபமைன் ஆகியவற்றின் சேமிப்பை ரெசர்பின் மூளையில் வற்றடித்துவிடுகிறது. மருந்தை நிறுத்திய பிறகும் இந்த விளைவு நாள்கணக்கில் நீடிக்கும். மனச்சோர்வு என்பது மூளை வேதிப்பொருள்களின் குறைவு என்ற 1960களின் கோட்பாட்டுக்கு இதுவும் ஓர் ஊற்று. இந்தத் தொடர்பு சொல்லப்பட்ட அளவுக்கு வலுவானதா என்று பிற்கால ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அதற்குள் குளோர்ப்ரோமசின் முதலிய மருந்துகள் மனநல வார்டுகளைப் பிடித்துக்கொண்டன.

சரி, அப்படின்னா பழைய வைத்தியர்கிட்டயே திரும்பிப் போயிடலாமா? முழு வேரிலும் அதே ரெசர்பின்தான் இருக்கிறது. மாத்திரையின் தீங்கை யாரோ எண்ணி எழுதிவைத்தார்கள். வேரின் தீங்கை எண்ணி வைக்க ஆளில்லை. எண்ணப்படாததை நாம் ‘இல்லை’ என்று படித்துக்கொண்டோம். நியூயார்க் வார்டிலும் சரி, பீகார் வீட்டிலும் சரி, மருந்து கொடுக்கப்பட்டவரின் சம்மதத்தை யாராவது கேட்டிருப்பார்களா? இந்த விஷயத்தில் கீழைக்கும் மேலைக்கும் பெரிய சண்டையில்லை.

செடிக்கும் ஒரு கணக்கு உண்டு. வேர்தான் மருந்து என்றால் செடியைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். 1990இல் இது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இன்று அந்த இடத்தில் அமுக்கரா இருக்கிறது. அஸ்வகந்தா என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போய், செறிவூட்டிய சாறாகக் குப்பியில் திரும்பி வருகிறது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் ஓரளவு உதவுவதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. கல்லீரல் பாதிப்பு நேர்ந்த சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. டென்மார்க் 2023இல் தடையே விதித்தது. பாலில் கலந்த சூரணமும் செறிவூட்டிய மாத்திரையும் ஒரே பொருள் அல்ல. தூக்கமாத்திரையோ மதுவோ கூடச் சேரும்போது எந்த மூலிகையும் வெறும் மூலிகையாக இருப்பதில்லை.

எனவே மூலிகையா மாத்திரையா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு அக்கறையில்லை. எவ்வளவு, எதனோடு சேர்த்து, யார் தீர்மானித்து, யாருடைய வசதிக்காக என்பவையே கேள்விகள். இவற்றோடு இன்னொன்றும் உண்டு: இந்த ஆளுக்கு ஏன் தூக்கம் வரவில்லை? இரவுப் பணி, கடன், வீட்டுக்குள் அடி, சாதிக்காரன் மிரட்டல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நரம்புக்கு மட்டும் பொடி கொடுக்கிற வைத்தியம் எந்த மரபில் வந்தாலும் அரைகுறைதான். எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடியவர்கள் எட்டு மணி நேர ஓய்வையும் அதே மூச்சில்தான் கேட்டார்கள். தூக்கத்தை மருந்துக்கடையில் தேடுவதற்கு முன்பு அது உரிமைக் கோரிக்கையாக இருந்தது என்பதை மறந்துவிட வேண்டாம்.