மனச்சோர்வு: வகைகளும் புதுச்சேரியில் அவற்றின் வரலாறும்

மனச்சோர்வு என்பது குறைந்தது இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதியில் நீடிக்கும் துயரம், அல்லது எதிலும் நாட்டமில்லாத நிலை. தூக்கம், பசி, தெம்பு, கவனம் ஆகியவையும் கூடவே குலையும். நாளிதழ்கள் இதையே ‘மன அழுத்தம்’ என்றும் எழுதுகின்றன. அழுத்தம் நெருக்கடியால் வருவது. நெருக்கடி தீர்ந்தால் பெரும்பாலும் தணியும். சோர்வு நோய். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்ததால், “பரீட்சை முடிஞ்சா சரியாயிடும்” என்று சிகிச்சை தள்ளிப்போன பிள்ளைகள் உண்டு.

சித்த மருத்துவம் மனநோய்களைக் ‘கிரிகை’ என்று அழைத்து 18 ஆகப் பிரித்தது. ஆனால் இன்றைய வகைப்பாட்டுக்கு வேர் ஐரோப்பாவில், அதிலும் பாரிசில் ஆழமாக இறங்கியிருக்கிறது. ‘மெலாங்கொலி’ என்ற பழஞ்சொல்லைக் கவிஞர்களுக்கு விட்டுவிடலாம் என்று கருதிய மனநல மருத்துவர் எஸ்கிரோல், ‘லிப்பெமனி’ என்ற புதுப்பெயரை உருவாக்கினார். 1854இல் ஃபால்ரே, பயார்ஜே என்னும் இரு மருத்துவர்கள், சோர்வும், அளவுமீறிய உற்சாகமான கிளர்ச்சியும் மாறிமாறி வரும் ஒரு நோயைத் தனித்தனியே விவரித்து, யார் முதலில் கண்டது என்று மோதிக்கொண்டார்கள். அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஊர். ஜிப்மர் தன் தொடக்கமாகக் கொள்ளும் பிரெஞ்சு மருத்துவப் பள்ளி 1823இல் இங்கே உருவானது. 1956இல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரி, 1964இல் ஜிப்மர்.

1899இல் ஜெர்மானிய மனநல மருத்துவர் கிரேப்பெலின் பெரும்பாலான சோர்வுகளையும் கிளர்ச்சியையும் ஒரே நோயின் கீழ்க் கொண்டுவந்தார். 1957இல் லெயோன்ஹார்ட் அவற்றை ஒருமுனை (ஒன்று மட்டும் வருவது), இருமுனை (இரண்டும் வருவது) என்று மறுபடி பிரித்தார். இந்தப் பிரிப்பு ஏட்டளவில் நிற்பதன்று. இருமுனைக்காரருக்குச் சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் கிளர்ச்சி வெடிக்கக்கூடும். அவருக்கு முதலில் வேண்டியது லித்தியம் போன்ற, மனநிலையை நிலைப்படுத்தும் மருந்து. ஆகவே, சோர்ந்து வந்தவரிடம் “எப்போதாவது தூங்காமலே உற்சாகமாக, கணக்குப் பார்க்காமல் செலவு செய்துகொண்டு இருந்தீர்களா?” என்ற கேள்வியை எந்த மருத்துவரும் விட்டுவிடக் கூடாது.

மிதமான சோர்வு இரண்டு ஆண்டுக்கு மேல் நீடித்தால் அது ‘டிஸ்தைமியா’. அதை நோயாளியின் சுபாவம் என்றே வீடு எடுத்துக்கொள்ளும். பிள்ளை பெற்ற முதல் நாட்களில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் போய்விடும். போகாவிட்டால் அது பேற்றுக்குப் பிந்தைய சோர்வாக இருக்கலாம். மது தானாகவே சோர்வை உண்டாக்கும், இருக்கும் சோர்வையும் கூட்டும். சோர்வுள்ள பலர் உடம்பைத்தான் சொல்வார்கள்: அசதி, நெஞ்சுப் படபடப்பு, தலைபாரம். மனசு என்ற பேச்சே வராது. மதுரை மருத்துவக் கல்லூரியின் ஏ. வெங்கோபராவ், நம் ஊர்ச் சோர்வை நம் நோயாளிகளிடமே ஆராய்ந்த முன்னோடி.

சோர்வின் பெரிய ஆபத்து தற்கொலை. அதைப் பற்றிய சட்டத்தில் புதுச்சேரிக்குத் தனிக் கதை. பிரான்சு 1791இலேயே தற்கொலையைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பிரிட்டிஷார் ஆண்ட பக்கத்துக் கடலூரிலோ, 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு அதற்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கியது. அந்தச் சட்டம் 1963 அக்டோபர் 1 முதல் புதுச்சேரிக்கும் நீண்டது. விடுதலையோடு வந்த சட்டங்களில் இந்த ஒரு பிரிவு ஊரைப் பின்னோக்கி இழுத்தது. காவல் நிலையத்துக்கு அஞ்சும் குடும்பம் நடந்ததை விபத்து என்றே சொல்லும். உள்ளே இருந்த சோர்வு மருத்துவர் கண்ணில் படாமலே போகும்.

2015இல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி புதுச்சேரியில் லட்சம் பேருக்கு 43.2 தற்கொலைகள், நாட்டிலேயே அதிகம். இந்தியச் சராசரி 10.6. எல்லாவற்றுக்கும் சோர்வு காரணமன்று. கடனும் மதுவும் குடும்பச் சண்டையும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகவே கொள்ள வேண்டும் என்றது. 2018இல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1இல் பழைய தண்டனைச் சட்டத்தோடு 309ஆம் பிரிவும் போயிற்று.

சோர்வு மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரமாகும். முதல் வாரத்திலேயே “பலனில்லை” என்று நிறுத்துபவர்கள் அதிகம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும். மிதமான சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். ஜிப்மரில் மனநல மருத்துவத் துறை உண்டு. கடலூர், விழுப்புரம் மக்களும் அது இருக்கும் கோரிமேட்டுக்கே வருகிறார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில், எந்த நேரத்திலும், தமிழிலேயே அழைக்கலாம்.